பாடகன் காதலனாகும்போது: பொப் இசைத் திரைப்படமும் துறைமுகப் பார்வையாளரும்

1

தமிழ்த் திரைப்படம் பற்றி இதுவரை நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இரு வழிகளிலேயே சென்றுள்ளன. திரைப்படத்துக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை ஆராய்வது ஒன்று. திரைப்படத்தைக் கலைவடிவமாகக் கொண்டு அதன் தரத்தை மதிப்பிடுவது மற்றொன்று. இவ்விரு வழிகளுக்கும் இடையே விடுபட்டுப்போன படவகை ஒன்று உண்டு. மேடையிலும் வானொலியிலும் இசைத்தட்டிலும் பாடிப் புகழ்பெற்ற பொப் இசைக்கலைஞன் ஒருவனைக் காதற் கதையின் நாயகனாக்கி எடுக்கப்படும் படங்களே அவை. அரசியல் ஆய்வாளன் அவற்றில் அரசியல் இல்லை என்றான். கலை விமர்சகன் அவற்றிற் கலை இல்லை என்றான். எனவே அவை இருவராலும் புறக்கணிக்கப்பட்டன.

முற்போக்கு விமர்சகர்களாகிய நாமும் இதற்கு விதிவிலக்கல்லர். 'சீரழிவுக் கலாசாரம்' என்ற ஒரே தொடரால் இத்தகைய படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, யதார்த்தப் படங்களைப் பற்றிப் பேச விரைந்தோம். அத்தொடர் முற்றிலும் பிழையானது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் ஒரு சமூக நிகழ்வுக்குப் பெயர் சூட்டிவிடுவது அதனை விளக்கிவிடுவதாகாது. இப்படங்களைப் பார்ப்போரும் இவற்றின் பாடல்களைப் பாடுவோரும் பெரும்பாலும் உழைத்து உண்பவர்கள். அவர்கள் எதனை எடுத்துக்கொள்கின்றனர், எதனை விட்டுவிடுகின்றனர் என்று கேளாமலே மக்கள் கலாசாரம் பற்றி நாம் பேசிவந்திருப்போமாயின், அக்குறைபாடு மக்களுடையதன்று, எம்முடையது.

இக்கட்டுரை திருகோணமலைத் துறைமுகப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு இவ்வினாவை அணுக முயல்கின்றது. இதன் மையக் கருத்தை முதலிலேயே கூறிவிடலாம். பொப் பாடல் இயல்பிற் பலருக்குப் பொதுவானது. காதற் திரைப்படம் அதனை ஒருவனது சொந்த வாழ்வாகவும் சொந்த வெற்றியாகவும் மாற்றுகின்றது. பார்வையாளரோ கதையை நழுவவிட்டுப் பாடலைத் திரும்பவும் பொதுவாக்கிக்கொள்கின்றனர். இந்த மீட்பு உண்மையானது, ஆனால் முழுமையானதன்று. அது ஏன் முழுமைபெறவில்லை என்பதே நாம் விடைகாண வேண்டிய வினா.

2

திருகோணமலையைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. இயற்கைத் துறைமுகம் அமைந்த இந்நகரம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இதனைத் தாக்கியதும், சீனக்குடாவில் எழுந்த எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் காட்டிடையே நிற்பதும் பலரும் அறிந்தவை. கடற்படைத் தளமும் துறைமுகமும் பல இடங்களிலிருந்து மக்களைத் தொழிலுக்கு ஈர்த்தன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் ஆகியோர் ஒரே தொழிற்களத்திலும் ஒரே சந்தையிலும் பழகவேண்டிய நிலை இங்கு உருவாயிற்று. இசைக் கலப்புக்கு வேண்டிய பொருளியல் அடிப்படை இதுவே.

இக்கரையில் இருவகைப் பாடல்கள் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தன. கரைவலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாடல் ஒருவகை. தொழிலின் அசைவே அதன் தாளம். ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க மற்றையோர் ஒருங்கே குரல்கொடுத்து இழுப்பர். மற்றையது போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரின் கப்ரிஞ்ஞாவும் பைலாவும். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியச் சமூகத்தினர் போர்த்துக்கேயக் கலப்புமொழியொன்றைப் பேணிவந்தது போலவே அவ்விசையையும் பேணிவந்தனர். இவற்றுள் ஒன்று வேலைக்குரியது, மற்றையது கொண்டாட்டத்துக்குரியது. ஆயினும் இரண்டும் கூட்டாகப் பாடப்படுவன. கேட்போன் என்று ஒருவன் தனியே ஒதுங்கியிருப்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்தில் எழுந்த தமிழ்ப் பொப் இசையை மேனாட்டு இசையின் போலி என்று மட்டும் கருதியவர்கள் இப்பின்னணியை மறந்துவிட்டனர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்களில் கிற்றாரும் ட்றம்மும் ஒலித்தபோதிலும், பாடுபொருள் மாமியும் கள்ளுக்கடையும் மீனும் அயல்வீட்டுப் பெண்ணுமாக இருந்தது. திருகோணமலையே பரமேஸ்-கோணேஸ் சகோதரர்களைத் தந்தது. கர்நாடக இசை மேடையில் இடம்பெறாத பேச்சுமொழி இவர்களின் வழியே மேடையேறிற்று.

இவ்வெழுச்சிக்கு அரச பொருளாதாரக் கொள்கையும் துணைசெய்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. தமிழகத்துச் சஞ்சிகைகளும் படங்களும் தங்குதடையின்றி வந்திறங்கிய நிலை மாறியது. உள்நாட்டு எழுத்தாளனுக்கும் பாடகனுக்கும் படத்தயாரிப்பாளனுக்கும் சிறிதளவேனும் வெளி கிடைத்தது. இலங்கை வானொலி அவ்வெளியை விரிவுபடுத்திற்று. பொப் பாடகனைக் கொண்டு தமிழ்ப்படம் எடுக்கலாம் என்ற எண்ணம் இச்சூழலிலேயே சாத்தியமாயிற்று.

3

பாடகன் நாயகனாவது தமிழ்த் திரைக்குப் புதியதன்று. எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944இல் வெளிவந்து சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதென்பது வரலாறு. அக்காலத்தில் பாடும் வாயும் நடிக்கும் முகமும் ஒருவனுடையனவே. 1940களின் பிற்பகுதியிற் பின்னணிப் பாடல் முறை பரவலானபோது இவ்வொற்றுமை முறிந்தது. முகம் ஒருவனுடையதும் குரல் மற்றொருவனுடையதுமாயின. தொழிற்சாலையிற் காணும் உழைப்புப் பிரிவினை கலையினுள்ளும் நுழைந்தது எனலாம். 1964இல் வெளிவந்த 'படகோட்டி'யில் மீனவனாகத் தோன்றிய உடல் எம். ஜி. ஆருடையது; அவ்வுடலுக்குப் பாடிய குரல் ரி. எம். சௌந்தரராஜனுடையது. புகழின் பெரும்பங்கு உடலுக்கே சேர்ந்தது.

பொப் பாடகன் நடிக்கும் படம் இம்முறிவை ஒட்டவைப்பதாகத் தோன்றுகின்றது. பாடுபவனே இங்கு நடிக்கின்றான். எனவே அவன் பாடுவது அவனது உண்மை அனுபவம் என்று பார்வையாளன் நம்பும்படி தூண்டப்படுகின்றான். இங்கு விற்பனைக்கு வைக்கப்படுவது பாடல் மட்டுமன்று. பாடகனின் வாழ்வும் பண்டமாகின்றது. வாழ்வைப் பண்டமாக்குவதற்குக் காதலைவிட வாய்ப்பான கதை வேறில்லை. பொப் பாடல் 'நீ' என்று விளிப்பது கேட்போர் யாவரையும். காதற் படமோ அந்த 'நீ'க்கு ஒரு பெண்ணின் முகத்தைக் கொடுத்துவிடுகின்றது. பலரை நோக்கிய குரல் ஒருத்தியை நோக்கியதாகச் சுருங்குகின்றது. ஏனையோர் அக்காதலை எட்டநின்று பார்ப்பவராக ஆக்கப்படுகின்றனர்.

இம்மாற்றத்தின் வர்க்கப் பரிமாணத்தை எல்விஸ் பிறெஸ்லியின் படங்களிற் தெளிவாகக் காணலாம். பாடகனாகு முன்னர் பார வண்டி ஓட்டிய அவரை, 1957இல் வெளிவந்த 'ஜெயில்ஹவுஸ் றொக்' கட்டடத் தொழிலாளியாகவும் சிறைக்கைதியாகவும் காட்டியது. நான்கு ஆண்டுகளின் பின் 1961இல் வந்த 'புளூ ஹவாய்' படத்தில் அவர் அன்னாசிக் கம்பனியொன்றை உடைய செல்வக் குடும்பத்தின் மகன். கடற்கரையிற் பாடிக் காதலிப்பது அவனுக்கு இயல்பான பொழுதுபோக்கு. பாடும் ஆள் ஒருவரே. ஆனால் தொழிலாளி என்ற நிலையிலிருந்து தோட்ட முதலாளியின் வாரிசு என்ற நிலைக்கு அவரது பாத்திரம் நகர்ந்துவிட்டது. வெகுசன இசை கேட்போனின் செவியை ஒரே அச்சில் வார்த்துப் பணியவைக்கின்றது என 1940களின் தொடக்கத்திலேயே அடோர்னோ வாதிட்டார். எல்விஸின் பிற்காலப் படங்களைப் பார்க்குமிடத்து அவ்வாதத்தை மறுப்பது எளிதன்று.

ஆயின் அடோர்னோவின் வாதம் பண்டத்தை ஆராயும் அளவுக்குப் பண்டத்தை வாங்குபவனை ஆராய்வதில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில், தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு கலையைக் காணும் வாய்ப்பைத் திரையரங்கே முதன்முதலில் அளித்தது என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதியன்று, வாங்கும் சக்தியே என்றும் எடுத்துக்காட்டினார். இக்கூற்றின் முக்கியத்துவம் பெரிது. பண்டம் ஒன்றாக இருப்பினும், அதனை நுகரும் இடம் ஒரு சமூக இடம். அவ்விடத்தில் நிகழ்வதைப் பண்டத்தைப் பார்த்தே ஊகித்துவிட முடியாது.

4

ஈழத்தில் இவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டு ஏ. ஈ. மனோகரனே. 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என இரசிகர்களால் அழைக்கப்பட்ட அவர், 'பாசநிலா'வில் நடித்தபின் 1978இல் 'வாடைக்காற்று' படத்தின் முக்கிய நடிகர்களுள் ஒருவராகத் தோன்றினார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிப் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய படம் இது. பருவகாலத்தில் நெடுந்தீவுக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவருக்கும் அவ்வூர்ப் பெண்களுக்குமிடையே முகிழ்க்கும் காதலும், அதனால் எழும் மோதலும் நாவலின் பொருள்.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எல்விஸ் படங்களிற்போலப் பாடகனின் புகழைச் சுற்றி இக்கதை பின்னப்படவில்லை. தொழிலாளரைப் பற்றிய கதையினுள்ளே பாடகர் வந்து சேர்ந்தார். காதல் இருக்கின்றது, ஆனால் அது பருவக்காற்றுக்கும் வலைக்கும் தொழிற்போட்டிக்கும் கட்டுப்பட்ட காதல். வந்தவன் பருவம் முடிய வாடியைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியவன் என்பதே அக்காதலின் அவலம். வாடை பெயரும்போது தொழிலிடம் மாற்றுவது என்னவென்பதைக் கிழக்குக் கரையோரத்தார் அறிவர்.

இளமையில் இப்படத்தைப் பார்த்த முதியவர் ஒருவரை, துறைமுகத்திற் தொழில்புரிந்து ஓய்வுபெற்றவர், இக்கட்டுரையாளர் சந்திக்க நேர்ந்தது. மனோகரனுக்காகவே படம் பார்க்கப் போனதாக அவர் சொன்னார். ஆனால் நினைவிலிருந்ததைக் கேட்டபோது அவர் கூறிய மறுமொழி எதிர்பாராதது. "மனோகரன்ர பாட்டுக்காகத்தான் போனனாங்கள், தம்பி. ஆனா வள்ளம் தள்ளுற கட்டம் வந்தவுடன அவங்கள் தள்ளுறது சரியோ பிழையோ எண்டுதான் எல்லாரும் பார்த்தது." நட்சத்திரத்தைப் பார்க்கச் சென்றவர்கள் உழைப்பைப் பார்த்தனர். திரையிற் தம் தொழில் தோன்றியதும் இரசிகர்கள் அத்தொழிலின் நிபுணர்களாகிவிட்டனர். உழைக்கும் பார்வையாளனை 'மயங்கியவன்' என்று மட்டுமே கருதும் கொள்கையால் இதனை விளக்கமுடியாது.

மனோகரனின் பிற்கால வரலாறு வேறு ஒரு பாடத்தைத் தருகின்றது. அவர் தமிழகம் சென்றார். 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் பல படங்களிற் தோன்றினார். ஆனால் அங்கு அவருக்குப் பெரிதும் கிடைத்தவை வில்லனும் வில்லனின் கூட்டாளியுமான வேடங்களே. இங்கு காதலனாகத் தோன்றிய அதே உருவம், நீண்ட முடி, தாடி, துள்ளல் ஆகிய அனைத்தும், கோடம்பாக்கத்தில் அந்நியத்தன்மையின் அடையாளங்களாகப் பயன்பட்டன. பெயரின் முன் ஒட்டிய நாட்டின் பெயரே அந்த அந்நியத்தன்மைக்கு முத்திரை. 2018 சனவரியிற் சென்னையில் அவர் காலமானபோது மக்கள் நினைவில் எஞ்சியிருந்தது அவ்வேடங்களன்று. 'சுராங்கனி' என்ற பாடலே.

அப்பாடலின் பயணமும் இங்கு நோக்கத்தக்கது. சுராங்கனி என்பாளுக்கு மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் பைலா அது. சிங்களமும் தமிழும் கலந்து பாடப்படுவது. 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தினுள்ளும் அது புகுந்தது. பாடல் கடல் கடந்ததும் பெரும் சந்தையைப் பெற்றது. அதற்குக் குரல்கொடுத்தவர் கடல் கடந்ததும் சிறு வேடங்களையே பெற்றார். மூலப்பொருள் ஏற்றுமதியாகி, ஆக்கப்பொருளின் இலாபம் வேறிடத்திற் தங்கும் குடியேற்றநாட்டுப் பொருளாதாரத்தின் விதி, இசைக்கும் பொருந்துவதை இதிற் காண்கின்றோம்.

இந்நாட்டிலோ படத்தொழிலின் அடித்தளமே தகர்ந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் பாதுகாப்பை நீக்கியது. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிந்தது. அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. கலைஞர் பலர் புலம்பெயர்ந்தனர். தன்னுடைய பாடகனைத் தன்னுடைய திரையிற் காணும் வாய்ப்பை ஈழத்துப் பார்வையாளன் ஏறத்தாழ முற்றாக இழந்தான்.

5

அவ்விழப்பின் பின் திருகோணமலை இளைஞனுக்குப் பொப் இசை நாயகன் தமிழகத்திலிருந்தே வந்தாகவேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில் ஜீ. வி. பிரகாஷ் குமார், விஜய் அன்ரனி முதலிய இசையமைப்பாளர்கள் நாயகர்களாகியுள்ளனர். ஆயினும் அவர்கள் திரைத்துறையின் உள்ளிருந்தே எழுந்தவர்கள். திரைக்கு வெளியே, இணையத்தின் வழி தனியிசைக்கலைஞனாகப் புகழ்பெற்றுப் பின் நாயகனானவர் 'ஹிப்ஹொப் தமிழா' ஆதி. 2017 யூலையில் வெளிவந்த 'மீசைய முறுக்கு' படத்தை எழுதி, இயக்கி, இசையமைத்து, நாயகனாகவும் நடித்தவர் அவரே. கோயம்புத்தூரைச் சேர்ந்த பொறியியல் மாணவன் இசையில் முன்னேறப் பாடுபடுவதும், கல்லூரிக் காதல் பெண்வீட்டாரின் எதிர்ப்பைச் சந்திப்பதும், தந்தை மகனுக்கு அவகாசம் தந்து சென்னைக்கு அனுப்புவதும் கதை. அது நாயகனின் சொந்த வாழ்வைத் தழுவியது என்பது படத்தின் முதன்மையான கவர்ச்சி. குரலும் உடலும் வாழ்வும் ஒருவனுடையவை என்ற நம்பிக்கை இதில் உச்சநிலையை அடைகின்றது.

இப்படத்தின் கருத்துநிலை யாது? திறமை உடையவன், குடும்பத்தின் ஆதரவுடன், சிறிதுகாலம் பொறுத்தால் வெல்வான் என்பதே. வெற்றி தனிமனிதனுடையது. தடையாக நிற்பவை உறவினரின் ஏளனமும் காதலியின் குடும்பமும். இசைத்தொழிலின் உடைமை யாருடையது, இணையத்தளத்தின் இலாபம் யாரைச் சேருகின்றது, அவகாசமே பெறமுடியாத வீட்டுப் பிள்ளையின் திறமை என்னாகின்றது ஆகிய வினாக்கள் படத்தினுள் எழுவதில்லை. அவகாசம் என்பதும் ஒரு மூலதனமே. மாதச் சம்பளமுள்ள தந்தை அதனை அளிக்கலாம். நாட்கூலிக்குத் துறைமுகம் செல்லும் தந்தையாற் பிள்ளைக்கு ஓராண்டை அளிக்கமுடியாது.

மற்றொன்றும் கூறவேண்டும். இப்பாடகருக்கு முதற் புகழ் தேடித்தந்த இணையப் பாடல், மதுவருந்தும் இளம்பெண்களைப் பண்பாட்டின் பெயராற் கண்டிப்பதாக அமைந்து பெண்ணியவாதிகளின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பாடகன் காதலனாக மாறும்போது அக்கண்டிப்பின் கடுமை மறைந்து, பெண்ணை மதிக்கும் இளைஞன் என்ற தோற்றம் எஞ்சுகின்றது. காதற் கதை இங்கு சலவைத் தொழில் புரிகின்றது என்று கூறின் மிகையாகாது. பெண்ணின் நிலையோ மாறவில்லை. சுராங்கனிக்கு மீன் கொண்டுவரப்பட்டது. அவள் என்ன சொன்னாள் என்பதைப் பாடல் பொருட்படுத்தவில்லை. நாற்பதாண்டுகளின் பின்னும் காதற் படத்துப் பெண் பாடலின் இலக்காகவே இருக்கின்றாள், பாடுபவளாக இல்லை.

6

இனிப் பார்வையாளரிடம் வருவோம். கீழே தரப்படுபவை புள்ளிவிபரங்களல்ல. சில காலம் இந்நகரிற் பழகியதாற் கிடைத்த அவதானங்களே. இவற்றுக்கு அதற்குமேற் பெறுமதி கற்பிக்கக்கூடாது.

உட்துறைமுகத்தை அடுத்துப் படகு இயந்திரங்கள் திருத்தும் பட்டறையொன்றில் வேலை முடிந்த மாலையில் நாலைந்து இளைஞர்கள் 'மீசைய முறுக்கு' படத்தை மடிக்கணினியில் ஓடவிட்டிருந்தனர். அவர்களோடு இக்கட்டுரையாளரும் இருந்து பார்த்தார். காதலர் உரையாடும் கட்டங்கள் வந்தபோதெல்லாம் ஒருவன் படத்தை முன்னோக்கித் தள்ளினான். ஏனென்று வினவியபோது, "கதை தெரியும்தானே சேர். பாட்டு வரட்டும்" என்றான். பாடல் வந்ததும் வேலை செய்துகொண்டிருந்தவனும் சாவியைக் கீழே வைத்துவிட்டுப் பாடினான். நாயகி திரையில் இருக்கின்றாளா என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. பாடலின் 'நான்' அப்போது 'நாங்கள்' ஆகியிருந்தது. தந்தை மகனை வழியனுப்பும் கட்டத்தை மட்டும் அவர்கள் தள்ளவில்லை, மௌனமாகப் பார்த்தனர். அது முடிந்ததும் ஒருவன், "எங்கட அப்பாட்ட ஒரு வருசம் கேட்டா, வலையை ஆர் இழுக்கிறது எண்டு கேப்பார்" என்றான். எல்லோரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பில் கசப்பும் இருந்தது.

ஸ்ருவட் ஹோல் 1973இல் முன்வைத்த கோட்பாடு இங்கு பயன்படும். ஊடகம் தரும் பொருளை மக்கள் அப்படியே ஏற்கலாம், எதிர்க்கலாம், அல்லது தம் நிலைமைக்கேற்பப் பேரம்பேசி ஏற்கலாம் என்றார் அவர். பட்டறையில் நிகழ்ந்தது மூன்றாவது வகை. காதலைத் தள்ளிவிட்டனர், பாடலை எடுத்துக்கொண்டனர், தந்தையின் அவகாசத்தைத் தம் வாழ்வோடு ஒப்பிட்டு அதன் வர்க்கத் தன்மையைத் தாமே கண்டுகொண்டனர். மேலே ஐந்தாம் பகுதியில் நாம் பல வாக்கியங்களில் விளக்க முயன்றதை அவ்விளைஞன் ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டான் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பெண்களின் எதிர்வினையும் குறிக்கத்தக்கது. மீன் விற்கும் பெண்ணொருவர், திருமண வீட்டில் 'சுராங்கனி' ஒலித்தபோது ஏனையோரோடு கைதட்டிக்கொண்டிருந்தார். அப்பாடல் பிடிக்குமா எனக் கேட்டதற்கு, "ஆடப் பிடிக்கும். ஆனா மீன் கொண்டந்து குடுத்தாப்போல சரியே? வெட்டி வித்துக் காசாக்கிறது நாங்களெல்லோ" என்றார். பாடலின் இலக்காக நிறுத்தப்பட்டவள், பாடல் முடியும் இடத்திலிருந்து தன் உழைப்பு தொடங்குவதைச் சுட்டிக்காட்டினார். இன்பமும் விமர்சனமும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. ஆடிக்கொண்டே விமர்சித்தார், விமர்சித்துக்கொண்டே ஆடினார். நமது விமர்சனமரபு இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பழகியதாற்றான் மக்களிடமிருந்து விலகிப்போயிற்றோ என்று எண்ணவேண்டியுள்ளது.

மேலும், இம்மாவட்டத்திற் போரும் 1983 முதலான வன்செயல்களும் இடப்பெயர்வுகளும் சமூகங்களைப் பிரித்துவைத்தன. 2004 ஆழிப்பேரலை கரையோரத்தைச் சிதைத்தது. ஒரே தெருவில் வாழ்ந்தோர் வெவ்வேறு முகாம்களுக்குச் சென்றனர். எனினும் பைலாவுக்கு ஆடும்போது இம்மூன்று சமூகத்தாரும் ஒரே தாளத்தை அறிவர். பாடல் சமூகங்களை ஒன்றாக்கிவிடும் என்ற உணர்ச்சிவசமான முடிவுக்கு நாம் வரவேண்டியதில்லை. காணியும் தொழிலும் பற்றிய முரண்பாடுகளைத் தாளம் தீர்ப்பதில்லை. ஆனால் ஒருகாலத்தில் தொழிலாற் பிணைந்திருந்த மக்களின் நினைவு எங்கே தங்கியுள்ளது எனத் தேடுவோருக்கு, அது நூலகங்களில் மட்டுமன்றி இத்தகைய பாடல்களிலும் தங்கியுள்ளது என்று கூறலாம்.

7

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பெறப்படுவன யாவை? பொப் இசைக்கலைஞனின் காதற் படம், கூட்டுக்குரலைத் தனிமனிதனின் வாழ்க்கைக் கதையாக மாற்றும் ஒரு கருவி. பார்வையாளர் அக்கருவிக்கு முற்றாக அடிமைப்படுவதில்லை. கரைவலையிற் பழகிய காதுக்கு, ஒருவன் அடியெடுத்துக் கொடுத்தால் மற்றையோர் சேர்ந்து பாடவேண்டும் என்பது தெரியும். திரையில் நிற்பவனையும் அவர்கள் அடியெடுத்துக் கொடுப்பவனாகவே ஏற்கின்றனர். இந்த அளவில் அடோர்னோவின் அவநம்பிக்கை பொருந்தாது.

ஆனால் மக்கள் எப்படியும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வர் என்று மகிழ்ந்து நின்றுவிடும் அண்மைக்கால ஆய்வுப்போக்கும் ஏற்கத்தக்கதன்று. பட்டறை இளைஞர்கள் மீட்டெடுத்தது பாடலின் அனுபவத்தை மட்டுமே. பாடலை ஆக்கும் கருவிகளும் பரப்பும் சாதனங்களும் அவர்களுடையனவல்ல. இன்று கையடக்கத் தொலைபேசியில் எவனும் பாடிப் பதிவுசெய்யலாம். ஆனால் அது சென்று சேரும் மேடை அந்நியக் கம்பனியின் சொத்து. அன்று இசைத்தட்டுக் கம்பனி இருந்த இடத்தில் இன்று யூரியூப் இருக்கின்றது. 2021இல் யொஹானியும் சதீஷனும் பாடிய சிங்களப் பாடல் இணையத்தால் உலகெங்கும் பரவி, அடுத்த ஆண்டில் ஹிந்திப் படமொன்றினுள்ளும் நுழைந்தது. 'சுராங்கனி' சென்ற பாதையை ஒத்த பாதையே அது. பாதையின் வேகம் கூடியிருக்கின்றது. பாதையின் உடைமை நம்மிடம் வரவில்லை.

ஆகவே முற்போக்கு விமர்சகன் செய்யவேண்டியன இரண்டு உள. முதலாவது, இப்படங்களையும் பாடல்களையும் ஏளனத்தோடு தள்ளிவைக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். இளைஞனுக்குப் பிடித்த பாடலை இகழ்ந்துவிட்டு அவனிடம் வர்க்க உணர்வைப் பற்றிப் பேசுவது பயன்தராது. அவ்வுணர்வு அவனுடைய சிரிப்பினுள் முன்னமே இருக்கின்றது. இரண்டாவது, அழிந்துகொண்டிருக்கும் சான்றுகளைத் திரட்டவேண்டும். 1970களின் ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகளைக் காண்பது இன்று அரிது. அவற்றைப் பார்த்தவர்கள் இன்னும் உளர். ஆனால் அவர்களும் முதுமையடைந்துவிட்டனர். அம்பாப் பாடியவர், பைலா வாசித்தவர், பொப் இசைக்குழுவிற் கிற்றார் வாசித்தவர், அவர்களின் இசைக்கு ஆடியவர் ஆகியோரின் நினைவுகளைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் பதிவுசெய்யத் தொடங்கவேண்டும். யார் பாடினர் என்பதை மட்டுமன்றி, யார் சேர்ந்து பாடினர் என்பதையும் அப்பதிவு கொண்டிருத்தல் வேண்டும்.

வள்ளம் தள்ளுவது சரியோ பிழையோ என்று பார்த்த அம்முதியவரின் கண், நமது திரைப்பட விமர்சனத்துக்கு இல்லாமற்போன கண். அவரைப்போன்றோரிடமிருந்து அதனைக் கற்றுக்கொள்ளும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.